ஓலை ரோஜாவும் சார்ல்ஸ்டனின் மே முதல் தேதியும்

சபால் பனை ஓலையில் ரோஜா செய்யப் பழகி வருகிறேன். இந்த வசந்தத்தில்தான் கை ஓரளவு படிந்திருக்கிறது. அமெரிக்காவில் உள்ள தென் கரோலினாவின் மாநில மரமே இந்தப் பனைதான். அங்குள்ள சார்ல்ஸ்டன் நகரத் தெருக்களில் கறுப்பினக் கைவினைஞர்கள் நம் கண்முன்னே ஓலையை மடித்து ரோஜாவாக்கித் தருவார்கள். அந்த விரல் வேலையைக் கற்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

ஓலையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை அடங்கிவிடுகிறது. முற்றிய ஓலை மடித்த இடத்தில் வெடித்துவிடும். முழுதாக விரியாத குருத்தோலைதான் வேண்டும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் நான் தொடுவதில்லை. ஈர்க்கை நீக்கி, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு பகல் நிழலில் போட்டு வைக்கிறேன். அன்றைக்கே மடித்தால் உலர உலர ஓலை சுருங்கி இதழ்கள் தளர்ந்துவிடும்.

ஓலையைச் செங்கோணமாக மடித்து, அந்த மடிப்பை இறுகச் சுருட்டினால் மொட்டு வந்துவிடும். பிறகு நீளமான பக்கத்தை வெளிப்புறமாகத் திருப்பித் திருப்பி மொட்டைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் இதழ். அதுவரை இடக்கைக் கட்டைவிரல் அடிப்பகுதியை விடவே கூடாது. கடைசியில் மெல்லிய ஓலைநாரால் கட்டு. இப்போது செய்பவை காய்ந்து பழுப்பான பிறகும் அவிழாமல் நிற்கின்றன.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படைவீரர்களுக்குக் காதலிகள் இந்த ரோஜாவைக் கொடுத்தனுப்பியதாகச் சுற்றுலாப் பயணிகளிடம் ஒரு கதை சொல்லப்படுகிறது. அதே ஊரில், அதே போர் முடிந்த சமயத்தில் நடந்த வேறொன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். போரின் கடைசி ஆண்டில் அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலைத் தெற்குப் படையினர் திறந்தவெளிச் சிறையாக்கினார்கள். அங்கே இறந்த வடக்குப் படைவீரர்கள் குறைந்தது 257 பேர் அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்தார்கள். 1865 ஏப்ரலில் கறுப்பினத் தொழிலாளர்கள் அந்த உடல்களை முறைப்படி மறு அடக்கம் செய்து, சுற்றிலும் வேலி அடைத்து வெள்ளையடித்தார்கள். மே 1 அன்று ஏறத்தாழ 10,000 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் அப்போதுதான் விடுதலை பெற்றவர்கள். புதிய பள்ளிகளில் சேர்ந்திருந்த சுமார் 3,000 பிள்ளைகள் கை நிறைய ரோஜாக்களோடு பாடிக்கொண்டு முன்னே நடந்தார்கள். பெண்கள் கூடைகளிலும் மலர் வளையங்களிலும் பூ கொண்டுவந்தார்கள். மண்ணே தெரியாத அளவுக்குக் கல்லறைகள் பூவால் மூடின.

அதே வட்டாரத்தில் மிடில்டன் பிளேஸ் போன்ற பெருந்தோட்டங்களை வெட்டித் திருத்தி வளர்த்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். பூவின் வேலை அவர்கள் அறியாததல்ல. அது யாருக்கு என்று தாங்களே முடிவு செய்ததுதான் புதிது. பின்னாளில் தலையில் பூக்கூடை சுமந்து வந்து சார்ல்ஸ்டன் தெருமுனைகளில் விற்ற கறுப்பினப் பெண்களையும் இந்த வரிசையிலேயே வைக்கிறேன். அந்தத் திடலோ இன்று அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி வேட் ஹாம்ப்டனின் பெயரைத் தாங்கிய பூங்கா. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்த மே முதல் தேதிக்காக ஒரு வளையம் கட்டினேன். காய்ந்த திராட்சைக் கொடியை வட்டமாக முறுக்கி, ஓலை ரோஜாக்களை நெருக்கமாகச் செருகி, இடையிடையே சிவப்பு ரோஜா வைத்தேன். உண்மைப் பூவை ஓலைப் பூவின் அடிக்கட்டுக்குள் செருகினால் தனியாகக் கம்பி தேவைப்படுவதில்லை. வாடியதும் அதை மட்டும் மாற்றலாம்.

அடுத்தது ஜூன் 19. 1865இல் அந்த நாளில்தான் கால்வெஸ்டன் நகரில் வடக்குப் படைத் தளபதி கோர்டன் கிரேஞ்சர் டெக்சஸ் மாநில அடிமைகளின் விடுதலையை அறிவித்தார். 2021 முதல் அது தேசிய விடுமுறை. அந்தக் கொண்டாட்டத்தின் நிறம் சிவப்பு. செம்பருத்தி ஒரே நாளில் வாடிவிடும் என்பதால் சிவப்பு ஜின்னியா விதைத்திருக்கிறேன். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். இப்போது பக்கக் கிளைகள் வந்துகொண்டிருக்கின்றன.