வேட்டைக்கு வந்த வீட்டில் அம்மாவும் நானும்

தீபாவளியையொட்டி, சிங்கப்பூர் அதிபர் மாளிகையான இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாள். ஆர்ச்சர்ட் ரோடு வாசலில் அம்மாவும் நானும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். டோபி காட் எம்ஆர்டியில் இறங்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடை, தண்ணீர், முறுக்கு எல்லாம் அம்மாவின் பையில். "இது நம்ம நாதன் இருந்த வீடு" என்று பின்னால் நின்ற அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார். நாதன் அதிபர் பதவியில் இருந்தபோது இங்கே குடியிருக்கவில்லை, நான் திருத்தவும் இல்லை. அடுத்த மூச்சில், "பிரான்ஸ்லயும் இப்படி ஒரு வீட்டுக்குப் போனோம்" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னால் ராஜாக்கள் நூறு வருஷம் முன்னே பின்னே போய்விடுவார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

ஜூன் பள்ளி விடுமுறையில் பாரிஸ் போயிருந்தோம். லா ஷப்பெல்லில் கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில்தான் தங்கல். பழைய ராஜாக்களின் வேட்டை வீடான ராம்பூயே அரண்மனைக்குப் போகிறோம் என்றதும் அண்ணன் சிரித்தார். "வெர்சாய் பாத்திட்டீங்கள்தானே, பிறகு என்னத்துக்கு இன்னொரு அரண்மனை?" நியாயமான கேள்விதான். வெர்சாயில் கண்ணாடி மண்டபத்தைவிட முன்னால் நின்றவர்களின் பிடரிகளைத்தான் அதிகம் பார்த்தோம் என்பது என் பதில்.

மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினோம். பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் வயல், அப்புறம் காடு. அந்தக் காடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மானும் காட்டுப்பன்றியும் நிறைந்த காடு என்பதால் ராஜாக்கள் வந்தார்கள், ராஜாக்கள் வந்ததால் வீடு பெருத்தது. நமக்கு வேட்டை என்றால் 1930-இல் சுவா சூ காங் பக்கம் சுட்ட கடைசிப் புலியோடு கதை முடிந்தது. இங்கே அது பல நூற்றாண்டுப் பழக்கம்.

முதல் பார்வைக்கு ராம்பூயே ஏமாற்றம்தான். 14-ஆம் நூற்றாண்டில் கோட்டை வீடாகத் தொடங்கியது. ஆளாளுக்கு ஒட்டிக் கட்டி, பிறகு நெப்போலியன் ஒரு சிறகையே இடிக்கச் சொல்லி, இப்போது ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகி நிற்கிறது. மூலையில் பருத்த பழைய கற்கோபுரம் ஒன்று. பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சுவா வேட்டைக்கு வந்த இடத்தில் நோய்ப்பட்டு 1547 மார்ச் 31 அன்று இறந்தது இந்த வீட்டில்தான். கோபுரத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

14-ஆம் லூயியின் மகன்களில் ஒருவரான தூலூஸ் கோமகன் 1706-இல் இதை வாங்கினார். அவருடைய மகன் பெந்தியேவ்ர் கோமகனிடமிருந்து 1783-இல் வாங்கியவர் 16-ஆம் லூயி. இந்த லூயிக்கு வேட்டைப் பித்து. பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்தீய் சிறை உடைக்கப்பட்ட 1789 ஜூலை 14 அன்று அவர் நாட்குறிப்பில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியதைச் சொல்லிச் சிரிப்பார்களே, அது அன்று வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை என்ற கணக்கு.

ராணி மரி அந்துவானெத்துக்கு வீடு பிடிக்கவில்லை. 'தேரைப் பொந்து' என்று சொன்னதாகக் கதை. அவரைச் சமாதானப்படுத்த ராஜா பூங்காவின் ஓரத்தில் ஒரு பால்மனை கட்டித் தந்தார். அம்மா இங்கேதான் விழித்துக்கொண்டார். அவருடைய தாத்தா சிராங்கூன் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில் என்று மருத்துவமனைப் பெயருக்கு விளக்கம் சொல்லாமல் அந்த வழியாக அவர் போனதே கிடையாது.

உள்ளே போனால் வட்டமான கூடம், மேலே குவிமாடம், நடுவே பளிங்கு மேசை. அடுத்த அறையின் கோடியில் செயற்கைப் பாறைக் குகை. அதன் முன்னே வெள்ளைப் பளிங்கில் ஒரு பெண், பக்கத்தில் ஆடு. கிரேக்கக் கதையில் குழந்தைக் கடவுளுக்குப் பால் கொடுத்த ஆடாம். பாலைக் குடிக்கவென்றே செவ்ர் பீங்கானில் தனியாகக் கிண்ணங்கள் செய்வித்தார்கள். அதில் ஒரு வகை, பெண்ணின் மார்பு வடிவம்! அம்மாவிடம் இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடு எங்கே கட்டுவாங்க?" என்றார். இங்கே மாடு கட்ட மாட்டார்கள், வேறு இடத்தில் கறந்து கொண்டுவந்து வைத்தால் ராணி ருசி பார்ப்பார், அவ்வளவுதான் என்றேன். "சாணி நாத்தமே படாம பால்காரியா" என்றார். இதற்கு மேல் அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. 1780-களின் நடுவில் கட்டிய இதை ராணி அனுபவிக்கக் கிடைத்ததும் சில வருஷங்கள்தான்.

உண்மையில் உருப்பட்டது ஆட்டுப்பண்ணை. கம்பளி ரோமத்துக்குப் பெயர்போன தன் மெரினோ ஆடுகளை ஸ்பெயின் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம். லூயி உறவுமுறையில் கேட்டு வாங்கி, 1786-இல் 300-க்கும் மேற்பட்ட ஆடுகள் ஸ்பெயினிலிருந்து வந்து சேர்ந்தன. கால்நடைகள் கால்நடையாகவே வந்தன. அவற்றின் வழிவந்த ராம்பூயே மெரினோ இன்றும் அங்கே மேய்கிறது. ராஜாவுக்குத் தலை போனது, மந்தை பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்குள் அறை அறையாகப் போகும்போது எனக்கு ஒன்று பட்டது. இங்கே வந்தவர்களில் பலருக்கு இது கிளம்பும் இடமாக இருந்திருக்கிறது. வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் 1815 ஜூன் கடைசியில் கடற்கரை நோக்கிப் போகும் வழியில் ஓர் இரவு இங்கே படுத்தார். அவருக்காகச் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய குளியலறையை இன்றும் காட்டுகிறார்கள். அடுத்தவர் பத்தாம் சார்ல்ஸ், அவரும் தீராத வேட்டைக்காரர். பாரிஸில் புரட்சி வெடித்ததும் இங்கே ஓடி வந்து, 1830 ஆகஸ்ட் 2 அன்று முடியைத் துறந்து கையெழுத்துப் போட்டார். அடுத்து மகனும் உரிமையை விட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் தயங்கிய இருபது நிமிடமும் அவர்தான் ராஜா என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் பொறுப்பு அதிகாரியாக அரை நாள் இருந்தவர்கள்கூட அவரைவிட அதிகம் ஆண்டிருக்கிறார்கள்.

குடியரசு வந்த பிறகும் வேட்டை நிற்கவில்லை. 1896 முதல் அதிபர் ஃபெலிக்ஸ் ஃபோர் இதைக் கோடை வாசத்துக்குப் பயன்படுத்த, அதுவே அதிபர்களின் கோடைக்கால இல்லமாக நிலைத்தது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலைக்காக ஜெனரல் டி கோல் காத்திருந்தது இங்கே. 1975 நவம்பரில் ஆறு நாட்டுத் தலைவர்கள் கூடியதும் இங்கேதான், இன்றைய ஜி7-இன் தொடக்கம் அது. வெளிநாட்டு விருந்தாளிகளைக் காட்டுக்கு அழைத்துப்போய்த் துப்பாக்கி கொடுக்கும் அதிபர் வேட்டையை 1995-இல் ஷிராக் நிறுத்தினார். 2009-இல் வீட்டைப் பொதுச் சின்னங்களைப் பராமரிக்கும் துறையிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் சீட்டு வாங்கிக்கொண்டு என் அம்மா உள்ளே போக முடிந்தது.

கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, அண்ணி கட்டிக்கொடுத்த இடியாப்பத்தையும் சம்பலையும் பிரித்தோம். எதிரே தீவுகள், வாத்துகள். இரவு அண்ணன் கேட்டார்: "மான் பாத்தீங்களோ?" இல்லை, ஆடுதான்.

இஸ்தானா வரிசை நகர்ந்தது. 1867 முதல் 1869 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் உழைத்துக் கட்டிய வீடு, அதற்கு முன் ஜாதிக்காய்த் தோட்டம் என்று நான் சொல்ல நினைத்தேன். அம்மா பின்னாலிருந்த அம்மாளுக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டு, "பால்மனையாம், ஒரு மாடு கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. நான் குடையை விரித்தேன்.