பட்டியலில் மூன்று பெயர்கள்

"அண்ணா, மூணு பேர் உள்ளே இருந்தோம்னு மெயில்ல போட்டிருந்தீங்க. யார் அழிச்சதுன்னு தெரியலைன்னும் போட்டீங்களா?"

போட்டிருந்தேன், அட்டவணைக்குக் கீழே. சர்வரில் ஒரு கோப்பு காணாமல்போனபோது உள்ளே இருந்தவர்களின் பட்டியல் அது. மேலாளர் அட்டவணையோடு நிறுத்திக்கொண்டார். கேட்டவர் ஒப்பந்த ஊழியர். அந்த வாரமே அவரை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

டேட்டாபேஸ் வேலை என்றால் அவரவர் பெயரில் லாகின் செய்து, 'சூடோ எஸ்யூ' (sudo su) என்ற கட்டளை போட்டு, எல்லோருக்கும் பொதுவான ஆரக்கிள் கணக்குக்கு மாறுவோம். மாறிய பிறகு 'ஹூஅமை' (நான் யார்) என்று தட்டினால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ஆரக்கிள். சர்வரின் பதிவேடான லாகில் இருப்பது இன்னார் இத்தனை மணிக்கு மாறினார் என்ற வரி மட்டும். உள்ளே எதை அழித்தார் என்பது அதில் வராது. தட்டிய கட்டளைகள் சேரும் ஹிஸ்டரி கோப்பில் மூவர் தட்டியதும் கலந்து கிடந்தது, நேரமும் இல்லை.

இன்னொரு கணக்கின் உரிமையில் கட்டளை கொடுக்க உதவும் சூடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒவ்வொரு கட்டளையையும் அதன் வழியாகவே கொடுத்தால் யார் கொடுத்தது என்று பதிவாகும். நாங்களோ கதவைத் திறக்க மட்டும் அதைப் பயன்படுத்தினோம். கணக்கு மாறினாலும் முதலில் லாகின் செய்தவரின் எண்ணை லினக்ஸின் ஆடிட் வசதி விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஆனால் கட்டளைகளைப் பதியச் சொல்லும் விதியை நாம்தான் எழுத வேண்டும். அதற்கு அனுமதி கேட்டிருந்தேன். டிஸ்க் நிரம்பிவிடும் என்று தள்ளிப்போட்டார்கள்.

அப்புறம் அந்த அட்டவணை. கணக்கு மாறிய நேரப்படி அடுக்கியிருந்தேன். கோப்பு காணாமல்போன நேரத்துக்குப் பக்கத்தில் நின்றது அந்த ஒப்பந்த ஊழியரின் பெயர். நேரப்படி இல்லாமல் வேறு எப்படி அடுக்குவது? அகர வரிசையில் போட்டிருந்தால் எதையோ மறைக்கிறேன் என்றிருப்பார்கள். ஆனாலும், கடைசியாக உள்ளே போனவர்தான் அழித்தார் என்று லாக் சொல்லவில்லை. அட்டவணை அப்படிச் சொல்வதுபோல் இருந்தது. அவரே அழித்திருக்கவும் கூடும். அதை மறுக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி யாராவது பட்டியல் கேட்டால் கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். 'யார் என்று தெரியவில்லை' என்பதை முதல் வரியில் வைத்து. அப்போதும் மேலாளர் அட்டவணையைத்தான் பார்ப்பார் என்கிறார் எங்கள் அணியின் சீனியர். அவரும் அந்த மூவரில் ஒருவர்.