சின்னம்மாவின் குரலும் கணினியும்: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் மழை விட்டபாடில்லை. சின்னம்மாவின் குரலைப் பதிந்து கணினியில் பாட வைக்க வேண்டும். தகரக் கூரையில் விழுகிற இரைச்சலில் ஒலிப்பதிவு நடக்காது. வேலை இல்லாத நாள் என்று வந்த சின்னம்மா பிளேன்டீ குடித்தபடி கேட்டார்: “எந்தப் பாட்டைப் பாடட்டும்?”

பாட்டு வேண்டாம், ஒலிகளை மட்டும் ஒரே சுருதியில் இழுத்துச் சொன்னால் போதும் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. பதிந்த துண்டுகளை மென்பொருள் ஒட்டும். சுரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும். உயிரொலியைத் தேவையான அளவுக்கு நீட்டும். யமஹா நிறுவனம் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்துடன் 2000இல் தொடங்கி, 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வோக்கலாய்ட் என்ற பாடும் மென்பொருள் இப்படித்தான் பாடத் தொடங்கியது. நான் எடுத்திருப்பது அதே வகை மென்பொருளான ஓப்பன் உட்டாவ். இலவசம், நாமே பதிந்த குரலையும் அதில் ஏற்றலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

2007இல் இதே நாளில்தான் கணினிப் பாடகி ஹட்சுனே மிக்கு வெளியானாள். சாப்போரோவிலுள்ள கிரிப்டன் நிறுவனம் வோக்கலாய்ட் 2இல் செய்த குரல். கடல்நீல நிறத்தில் இரட்டைச் சடை போட்டு மேடையில் அவள் ஆடுகிற காணொளியைச் சின்னம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குரல் கொடுத்த பிள்ளை எங்கே?” என்றார்.

சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை என்று சொன்னேன். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடமாக மிக்குவைக் கேட்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி முதலில் தோன்றியதே இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு, போயா (பௌர்ணமி)

வெயில். காம்பிரா அறையின் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டுப் பதிவைத் தொடங்கினோம்.

216 உயிர்மெய்யையும் வரிசையாகப் பதிந்தால் தமிழ் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘கல்’லில் வருகிற க வேறு, ‘தங்கம்’ என்பதில் வருகிற க வேறு, ‘அகல்’ என்னும்போது தொண்டையில் உரசிப் போகிற க வேறு. மூன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஜப்பானிய மொழியில் அநேகமாக ஒவ்வொரு அசையும் உயிரொலியில் முடிவதால் ஏறக்குறைய நூறு துண்டுகளில் எளிய குரல் ஒன்றைச் செய்துவிடலாம். நமக்கு அது போதாது.

சின்னம்மாவின் வாயில் ‘பழம்’ பளமாகத்தான் வரும். அப்படியே பதிந்தேன். எனக்கு வேண்டியது செய்தி வாசிப்பவரின் குரல் அல்ல, மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த குரல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாரம் முழுக்க வெட்டும் வேலை. ஒவ்வொரு துண்டிலும் மெய்யொலி எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும். தாளம் விழுகிற இடத்தில் உயிரொலி தொடங்க வேண்டும்; மெய் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். ‘பட்டு’ என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கிற அந்தச் சின்ன மௌனமும் வேண்டும். அது குறைந்தால் ‘படு’ என்றே கேட்கிறது.

இரவில் ஒரு தாலாட்டு அடியைத் தட்டெழுதிப் பாட வைத்தேன். நெளிவு எதுவும் இல்லை. கோடு போட்டது போல நேராகப் பாடியது. சின்னம்மா ‘ஆராரோ’வின் கடைசி ரோவில் கீழே இறங்கி மறுபடி ஏறுவார். சுருதி வளைவில் அந்த இறக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “தங்கச்சி வந்திருக்கிறாளா?” என்றார். உடம்பு சிலிர்த்துவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சின்னம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “இது ஒப்பாரியும் பாடுமா?” என்றார்.

எழுதிக் கொடுத்தால் எதையும் பாடும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. தன் குரலில் யார் வீட்டிலோ அது கேட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்றார். நான் வாதாடவில்லை. மூட நம்பிக்கை என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. குரல் அவருடையது.

உட்டாவ் குரல்களை வெளியிடுகிறவர்கள் பயன்பாட்டு விதிகளை ஒரு கோப்பில் எழுதி உடன் வைப்பது வழக்கம். அதை இன்றே எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, சாமி பாட்டு எல்லாம் பாடலாம். விற்பதானால் கேட்க வேண்டும். ஒப்பாரி கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. குரல் கொடுத்தவர் பெயரைப் போட வேண்டும்.

எந்தப் பெயர் என்று கேட்டேன். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேண்டாம், தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இருக்கிற முழுப்பெயரைப் போடு என்றார்.