எலா வாஷிங்டனை எனக்குத் தந்த ஊர்

அமெரிக்காவின் நாஷ்வில்லுக்குக் குடிவந்த புதிதில் யாரைக் கேட்டாலும் "இது கன்ட்ரி இசை ஊர்" என்றார்கள். கன்ட்ரி என்றால் பெரும்பாலும் வெள்ளையர் பாடும் கிராமியப் பாணிப் பாட்டு. கணேசர் கோயில், மளிகைக் கடை, அலுவலகம் என்று ஓடிய அந்த நாட்களில் எனக்கும் வேறு எதையும் தேட நேரமில்லை. எலா வாஷிங்டன் என்ற பாடகியின் பெயரை முதலில் சொன்னவர் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவர். அலபாமா கிராமத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர்.

சிறுவயதில் வீட்டில் எல்லோரும் தூங்கியபின் டபிள்யூஎல்ஏசி கேட்பாராம். நாஷ்வில்லின் 50,000 வாட் வானொலி நிலையம். இருட்டியதும் மத்திய அலை மேல்வானில் பட்டுத் திரும்பி, மாநிலம் மாநிலமாகத் தாண்டிப் போகும். தூத்துக்குடியில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை!

அதில் ராத்திரி நேரத்தில் பேசியவர் ஜான் ரிச்பர்க். எல்லோருக்கும் "ஜான் ஆர்". 1910இல் தென் கரோலினாவில் பிறந்த வெள்ளையர். ஆனால் குரலைக் கேட்ட பலர் அவரைக் கறுப்பர் என்றே நம்பினார்கள். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த தெற்கில், பல நிலையங்கள் தொடாத கறுப்பர்களின் இசையை, ப்ளூஸையும் சோலையும், அவர் போட்டார். 1960களில் சவுண்ட் ஸ்டேஜ் 7 என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாட்டுகளும் தயாரித்தார். அங்கே பாடிய ஜோ சைமனுக்கு கிராமி விருது கிடைத்தது. எலா வாஷிங்டனுக்கு 1969இல் 'ஹீ கால்டு மீ பேபி' ஓரளவு ஓடியது, அவ்வளவுதான். பின்னாளில் அவர் கோஸ்பல் என்ற தேவாலயப் பாட்டுகளைப் பாடப் போய்விட்டார்.

அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எழுதியவர் ஹார்லன் ஹோவர்ட், அசல் கன்ட்ரிக்காரர். கன்ட்ரி பாடகி பேட்ஸி க்ளைனும் பாடியிருக்கிறார். விட்டுப் போனவன் தன்னை எப்படி அழைத்தான் என்று ஒருத்தி நினைத்துப் பார்க்கிறாள், விஷயம் அதுதான். எலா அதைத் தேவாலயத்தில் நின்று பாடுவதுபோல் பாடுகிறார். அழுகை தெரிகிறது, ஆனால் கெஞ்சல் இல்லை. கன்ட்ரி ஒரு பக்கம், சோல் ஒரு பக்கம் என்று இந்த ஊர் போட்ட கோடு பாட்டுக்குள் எங்கேயும் இல்லை.

ஜான் ஆர் தான் தயாரித்ததைத் தானே ஒலிபரப்புவது நியாயமா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் 1973இல் நிலையம் அப்போதைய பிரபலப் பாட்டுகளையே போடும் டாப் 40க்கு மாறியபோது ஜான் ஆர் கூடவே மாறவில்லை, விலகிவிட்டார். வெறும் வியாபாரி அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஜெஃபர்சன் தெரு, நாஷ்வில்லில் கறுப்பர்களின் இசைத் தெரு. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இளைஞராக வாசித்த கிளப்புகள் அங்கேதான் இருந்தன. 1960களின் கடைசியில் ஐ-40 நெடுஞ்சாலை அந்தப் பகுதியைப் பிளந்துகொண்டு போனது. கோயிலிலிருந்து நகருக்குள் வர நான் ஓட்டுவதும் அதே சாலைதான். இப்போதெல்லாம் அதில் போகும்போது வேண்டுமென்றே எலாவைப் போட்டுக் கேட்கிறேன்.

பெரியவருக்கு இன்றும் ஜோ சைமன்தான் உசத்தி. நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் கட்சி கட்டத் தொடங்கிவிட்டார்கள்.