தோடம்பழ நாடகம்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரை மணிபோல கரண்ட் போனது. எங்கள் கட்டடத்தில் மட்டும்தான் என்று நினைத்தேன். பல்கனியில் நின்று எட்டிப் பார்த்தால் காலி வீதிச் சிக்னலும் அணைந்து கிடக்கிறது. பிறகுதான் நாடு முழுவதும் என்று தெரிந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்காம். லிஃப்ட் இல்லை, நாங்கள் ஐந்தாம் மாடி. அம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தா. இப்போது ஏதும் நடந்தால் அம்மாவை எப்படிக் கீழே இறக்குவேன்? பின்னேரம் வரைக்கும் வேறு ஒன்றும் மனதில் வரவில்லை.

பெப்ரவரி 10

ஒன்றரை மணி நேர மின்வெட்டு. அம்மாவின் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லை.

பெப்ரவரி 12, புதன், போயா

தம்பி ரொறன்ரோவில் இருந்து எடுத்தான். அரை மணி நேரம் கதைத்தான், அதில் அம்மாவைப் பற்றி ஐந்து நிமிடமும் இல்லை. மிச்சமெல்லாம் 'தி பிட்' என்ற நாடகம். போன மாதம் 9ஆம் திகதி தொடங்கியது. பிட்ஸ்பர்க்கில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. காலை 7 மணிக்கு டியூட்டி தொடங்குகிறது. ஒரு பகுதி என்றால் அந்த நாளில் ஒரு மணி நேரம். மொத்தம் 15 பகுதி, எல்லாம் ஒரே நாள். மச்சாள் அங்கே நேர்ஸ். வேலையால் வந்து திரும்பவும் ஆஸ்பத்திரியைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னவ, இப்போது கிழமைக்குக் கிழமை அவனுக்கு முதல் வந்து உட்காருகிறாவாம். "எல்லாம் சரியாக் காட்டுறாங்கள்" என்றாவாம்.

அப்புறம் அவன் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னான். முதியோர் இல்லத்தில் இருந்து கொண்டுவருகிறார்கள், மூச்சு எடுக்க முடியவில்லை. தனக்குக் குழாய் போட வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் மகளுக்கும் மகனுக்கும் மனம் வரவில்லை. போடச் சொல்லிவிட்டு, அடுத்த சில மணி நேரம் அவர் படுகிற பாட்டைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். கடைசியில் எடுக்கச் சம்மதிக்கிறார்கள். அப்போது பெரிய டொக்டர், நோவா வைலி நடிக்கிறார், ஹவாய்ப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார். போகிறவருக்கு நான்கு விஷயம் சொல்ல வேண்டும். உங்களில் அன்பு இருக்கிறது, நன்றி, நான் மன்னித்துவிட்டேன், என்னை மன்னியுங்கள்.

இதைச் சொல்லிவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, அம்மா அப்பிடி ஏதும் சொன்னவவா?"

இல்லை என்றேன்.

பெப்ரவரி 13

பொய். ஜனவரியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னா. இலையில் இருந்து கண்ணை எடுக்காமல். "என்னை மெஷினில போடாதேங்கோ." நான் உப்புப் போத்தலைத் தேடுவது போல உள்ளே போய்விட்டேன்.

பெப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரியில் மூன்றரை மணி நேரம். நம்பர் 64. முடிவில், ரிப்போர்ட் கணினியில் இல்லையாம், துண்டைத் தந்துவிட்டுப் போய் நாளை மறுநாள் வரட்டுமாம். "எங்கே போயிருக்கும்?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகக் கோப்புகள். அம்மா வாங்கில் இருந்தபடி நித்திரை. சத்தம் போட நினைத்தேன், அம்மா எழும்பிவிடுவா என்று விட்டேன்.

பெப்ரவரி 19

கிடைத்தது. இன்னொரு பரிசோதனை வேண்டுமாம்.

பெப்ரவரி 28, வெள்ளி

முன் வீட்டு அக்கா 'சுழல்' இரண்டாவது சீசன் வந்துவிட்டது என்று கதவைத் தட்டிச் சொன்னா. எட்டுப் பெண்பிள்ளைகள், ஒவ்வொருத்தியும் கொலையை நான்தான் செய்தேன் என்கிறாள். இரண்டு பகுதி பார்த்தோம். அம்மாவுக்குக் கொலை வேண்டாமாம். "ஆரும் சாகாத நாடகம் இல்லையே, பிள்ளை?"

தேடிப் பார்த்தேன். நல்லது என்று ஊர் முழுக்கச் சொல்கிற எல்லாவற்றிலும் யாராவது சாகிறார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

தம்பி. நாடகத்தில் தலைமை நேர்ஸை ஒருவன் முகத்தில் குத்திவிட்டானாம். காலையில் இருந்து வெளியே காத்திருந்த நோயாளி. டேனா என்று பெயர், எல்லாரையும் தாங்குகிறவள், மூக்கால் இரத்தம். மச்சாள் அழுதாவாம். தம்பிக்குக் குத்தினவன்மேல் கோபம், எனக்கும்தான். ஆனாலும் அந்த நம்பர் 64 துண்டு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. குத்தினவனை நான் மன்னிக்க மாட்டேன். அவன் எத்தனை மணி நேரம் இருந்தான் என்று மட்டும் தம்பியிடம் கேட்டேன்.

நான் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அவன் சொல்வதைக் கேட்கிறேன், அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இவ்வளவு பிடித்த நாடகம் வேறு இல்லை. அதில் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான். படங்களில் போல, ஒரு பாட்டு முடிவதற்குள் ரிப்போர்ட் வந்துவிடாது.

மார்ச் 8, சனி

நெட்ஃபிளிக்ஸில் நேற்று வந்த கொரிய நாடகம், 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. அம்மா வைத்த பெயர் தோடம்பழ நாடகம். கிழமைக்கு நான்கு பகுதி, நான்கு கிழமை, மொத்தம் 16. இளவேனில், கோடை, இலையுதிர், குளிர் என்று ஒவ்வொரு நான்குக்கும் ஒரு பருவம்.

அம்மாவுக்குச் சப்டைட்டில் வாசிக்கக் கண் பிடிக்காது, டப்பிங் குரலும் வேண்டாம். "நீ சொல்லு." ஆகவே நான் பக்கத்தில் இருந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொல்கிறேன். ஒரு மணி நேரத்துப் பகுதிக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம்.

ஜேஜு என்ற தீவு. பெண்கள் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறார்கள், ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும் இல்லை, நெஞ்சில் அடக்கிய மூச்சோடுதான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தா. பருத்தித்துறைக்காரி. "சங்கு குளிக்கப் போற ஆம்பிளையளைக் கேள்விப்பட்டிருக்கிறன், பொம்பிளையளை இல்லை." மேலே வந்ததும் அவர்கள் விடுகிற மூச்சு விசில் மாதிரி ஒரு சத்தம். அதற்கே தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாய்க்கு ஒரு மகள், பத்து வயதுபோல. கவிதை எழுதுகிறாள். சிப்பி விற்று அம்மா ஒரு நாளில் உழைக்கிற காசை நான் தருகிறேன், அம்மாவின் அந்த ஒரு நாளை எனக்குத் தா, அவள் இடுப்பை நிமிர்த்திப் படுக்கட்டும் என்கிற கருத்து. அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை. அம்மா, "என்ன எழுதியிருக்கிறாள், சொல்லன்" என்று இரண்டு தரம் கேட்டா. பிறகு ஒருவாறு சொன்னேன்.

தாய் 29 வயதில் இறந்துபோகிறாள். ஆரும் சாகாத நாடகம் கேட்டா. ஆனால் நிப்பாட்டச் சொல்லவில்லை.

மார்ச் 9

இரவு மூன்று மணிக்கு எழும்பி அம்மாவின் மூச்சைக் கேட்டேன். விசில் இல்லை. சாதாரணம்.

மார்ச் 10

இந்த நாடகத்துக்குக் கொரியர்கள் வைத்த பெயர் வேறாம். ஜேஜுப் பேச்சு, மற்றப் பக்கத்துக் கொரியர்களுக்கே உடனே விளங்காதாம். நன்றாகப் பாடுபட்டுவிட்டீர்கள் என்று பொருள். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உத்தரிச்சுப்போட்டாய் எண்டு சொல்லு. அதுதான் சரி" என்றா. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பாடுபடுதல் என்றால் முதுகு மட்டும் நோகும்.

மார்ச் 16, ஞாயிறு

ஆறாவது பகுதி. கவிதை எழுதிய மகள் இப்போது தாய். புயல். அவளுடைய கடைக்குட்டி வெளியே போகிறான்.

"நிப்பாட்டு."

நிப்பாட்டினேன். அம்மா எழும்பிப் போய்ச் சாமியறைச் சுவரில் உள்ள படத்துக்குக் கீழே நின்றா. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, எண்ணெய் விட்டா. நான் ஒன்றும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. தம்பிக்கு அவனுடைய முகமும் ஞாபகம் இல்லை.

மார்ச் 18

கஞ்சி குடிக்கும்போது, "அந்தத் தாய் பிறகு என்ன செய்தவள்?"

கொஞ்ச நாள் படுத்த படுக்கை, பிறகு மற்றப் பிள்ளைகளுக்காக எழும்பினாள் என்றேன்.

"ஓம். எழும்பத்தான் வேணும்." கோப்பையைக் கழுவி வைத்தா. "பின்னேரம் போடு."

மார்ச் 20, வியாழன்

நித்திரை வரவில்லை. 'அடோலசன்ஸ்' நான்கு பகுதியும் ஒரே இரவில் பார்த்தேன், ஹெட்ஃபோன் போட்டு.

இங்கிலாந்து. 13 வயதுப் பையன். விடியற்காலையில் பொலிஸ் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியைக் கத்தியால் குத்திக் கொன்றான் என்று. ஒவ்வொரு பகுதியும் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரே ஷொட். கமரா ஏறி, இறங்கி, பொலிஸ் வாகனத்தில் கூடப் போய், பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்து, ஓர் இடத்திலும் வெட்டு இல்லை. எழும்பித் தண்ணி குடித்துவிட்டு வருவதற்கு எனக்கு ஓர் இடைவெளி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இப்படித்தான். கண்ணை மூடித் திறந்தால் அடுத்த காட்சி வந்துவிடாது.

மூன்றாவது பகுதிதான் என்னை உடைத்தது. ஓர் அறை, அந்தப் பையன், ஒரு பெண் உளவியலாளர். அவனுக்குச் சூடான சொக்லேட் கொண்டுவந்து கொடுக்கிறாள். சிரிக்கிறான், குழந்தை. அடுத்த நிமிடம் மேலே பாய்ந்து கத்துகிறான். அதற்கடுத்த நிமிடம் திரும்பவும் குழந்தை. ஓவன் கூப்பர் என்ற அந்தப் பிள்ளை முன்பு எதிலும் நடித்ததே இல்லை, படப்பிடிப்பில் முதலில் எடுத்ததும் இந்தப் பகுதிதானாம். அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அவள் அறையில் தனியே நின்று மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பாடுபடுகிறாள். எரின் டொஹெர்ட்டி. அவள் முகத்தை மறக்க மாட்டேன்.

கடைசியில் தகப்பன் மகனின் வெறும் கட்டிலுக்குப் போய்க் கரடிப் பொம்மையைப் படுக்கவைத்துப் போர்த்துகிறான். ஸ்டீபன் கிரேயம். எழுதினவர்களில் ஒருவரும் அவர்தான்.

ஒன்றரை மணிக்கு மகனுடைய அறைக் கதவைத் திறந்தேன். போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம்.

"என்னம்மா? அம்மம்மாக்கு ஏதுமா?"

இல்லை என்று கட்டில் நுனியில் இருந்தேன். ஏச வரவில்லை என்று விளங்கியதும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். காட்டினான். கிரிக்கெட், பிறகு யாரோ ஒருவன் கொத்து போடுகிற வீடியோ. பத்து நிமிடம் இரண்டு பேருமாகப் பார்த்தோம். இந்த இரண்டு மாதமாக நான் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான். அதற்கும் பதிலைக் கேட்க நின்றதில்லை.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் திகதி தந்துவிட்டார்கள். ஏப்ரல் 8.

மார்ச் 25

ஏப்ரல் 8. வருடப்பிறப்புக்கு ஆறு நாள் முன்.

மார்ச் 29, சனி

தோடம்பழ நாடகத்தின் கடைசி நான்கும் நேற்று வந்தன. அம்மா நித்திரையானதும் நான் தனியாகப் பார்த்து முடித்துவிட்டேன். செய்திருக்கக் கூடாது. கவிதை எழுதிய மகளின் புருஷனுக்கு வருத்தம் வருகிறது. வாழ்க்கை முழுக்க அவளுக்குப் பின்னால் நின்ற, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத, மீன் வாடையோடு வீட்டுக்கு வருகிற அந்த மனிதனுக்கு. ஆஸ்பத்திரி, ஊசி, கதிரையில் இருக்கிற மனைவி. நான் பார்க்கிற அதே கதிரை.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வேன்? நானும் அம்மாவும் இன்னும் பத்தாவதில்தான் நிற்கிறோம். நான் சொல்வதுதான் அம்மாவுக்குக் கதை. நான் மாற்றினால் மாறும்.

ஏப்ரல் 2

இங்கிலாந்தில் 'அடோலசன்ஸ்' தொடரைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்டப்போகிறார்களாம். மகனிடம் கேட்டேன், என்னோடு பார்ப்பாயா என்று. அம்மம்மா வீட்டுக்கு வந்த பிறகு என்றான்.

ஏப்ரல் 5, சனி

மோடி வந்திருக்கிறார், வீதிகளை மூடித் திறக்கிறார்கள். நல்லவேளை இன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லை.

பின்னேரம் தோடம்பழம். டொக்டர் கதைக்கிற இடம் வந்தது. நான் நினைத்து வைத்தபடியே சொன்னேன்: "முழங்காலில வருத்தமாம், ஓய்வு எடுக்கச் சொல்லுறார்."

திரையில் அவர்கள் இரண்டு பேருடைய முகமும். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தா.

"அது முழங்காலுக்கு அழுற அழுகை இல்லை, பிள்ளை."

நிப்பாட்டினேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். "எத்தினை இடத்தில மாத்தினனீ?" இந்த ஒரு இடம்தான் என்றேன். உண்மை. "அப்ப சரி. திருப்பிப் போடு. சரியாச் சொல்லு." திருப்பிப் போட்டேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன், நான்கு மாதமாக இந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாத அந்தச் சொல்லை. அம்மா தலையாட்டிக் கேட்டா. முடிய, "தம்பிக்கும் சொல்லிவிடு. முருங்கையிலை ஆயேக்க நான் சொன்னது" என்றா.

கேட்டிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். உப்புப் போத்தல் தேடப் போனதும் தெரியும்.

ஏப்ரல் 6

தம்பிக்குச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை, லைன் வெட்டுப்பட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "எழுதி வாங்குங்கோ அக்கா. எழுதாட்டி நான் சம்மதிக்க மாட்டன், என்னைத் தெரியும்தானே."

'தி பிட்' இன்னும் ஒரு பகுதிதான் பாக்கியாம், 10ஆம் திகதி. அன்றைக்கு அவன் பிளேனில் இருப்பான்.

ஏப்ரல் 7, திங்கள்

பை கட்டியாயிற்று. இரண்டு சோட்டி, துவாய், ஃபிளாஸ்க், திருநீற்றுப் பை, ரிப்போர்ட் ஃபைல், அந்தக் கடிதம். கையெழுத்தை மகனுக்கு முன்னால்தான் போட்டா. அவனும் இருக்கட்டும் என்றா.

சாப்பிட்ட பிறகு கடைசிப் பகுதியைப் போட்டோம். இருபது நிமிடம் ஆனதும் அம்மா கையைக் காட்டினா. "மிச்சம் வந்து பாப்பம்." எனக்கு முடிவு தெரியும். சொல்லவா என்று கேட்டேன். வேண்டாமாம்.

ஐந்தரைக்கு ஓட்டோ சொல்லியிருக்கிறேன். சார்ஜரை மறக்கக் கூடாது.