தம்பிக்கு நெஞ்சுல நீர் கோர்த்தப்போ நாங்க தெரிஞ்சுக்கிட்டது

தம்பிக்கு மூச்சை நல்லா இழுத்தா வலது விலாவுல சுருக்குன்னு குத்தும், இருமும்போது கையால அழுத்திப் பிடிச்சுக்குவான், சாயங்காலமானா லேசா காய்ச்சல். பக்கத்து கிளினிக்ல வாயுப் பிடிப்புன்னு மாத்திரை குடுத்தாங்க. கொஞ்ச நாள்ல குத்தல் குறைஞ்சு வீட்ல எல்லாரும் நிம்மதியானோம், ஆனா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, அப்புறம்தான் ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டுப் போனோம். எக்ஸ்ரேல வலது பக்கம் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை.

வலி குறைஞ்சும் எப்படி இவ்வளவு முத்துச்சுன்னு எனக்கு மனசே ஆறல, ராத்திரி வார்டு வராண்டாவுல உக்காந்து போன்ல படிச்சேன். நுரையீரலைச் சுத்தி ப்ளூரான்னு ரெண்டு அடுக்குச் சவ்வு இருக்கு, அதுல விலாவை ஒட்டின வெளி அடுக்குக்குத்தான் வலி தெரியும். புண்ணான ரெண்டு அடுக்கும் உரசினா குத்தும், நடுவுல தண்ணி சேர்ந்து பிரிச்சுவிட்டா குத்தல் போயி மூச்சு முட்ட ஆரம்பிக்கும். அவனுக்கு அப்படியே நடந்திருக்கு!

தண்ணி எடுக்கறப்போ அவனை உக்கார வெச்சு, டேபிள்ல தலகாணி போட்டுக் கவுந்துக்கச் சொல்லி, முதுகுல மரத்துப்போற ஊசி போட்டாங்க. விலா எலும்போட மேல் ஓரமாத்தான் ஊசியை விடுவாங்களாம், கீழ் ஓரத்துல ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது. வைக்கோல் நிறத்துல தெளிவா வந்துச்சு. சீழா இருந்தா டியூப் போட்டு வடிய விடணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அந்த நிறத்தைப் பாத்ததும்தான் அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. ஒரே தடவைல ஒன்றரை லிட்டருக்கு மேல பொதுவா எடுக்க மாட்டாங்க, அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டுனு விரிஞ்சா அதுக்குள்ளயே நீர் கோர்த்துக்கும்.

ரிப்போர்ட் வந்து, இது நுரையீரல் சவ்வுல வந்த டிபின்னு டாக்டர் சொன்னப்போதான் வீட்ல பெரிய சண்டை. புரோட்டீன் அதிகம், லிம்போசைட்ங்கற வெள்ளை அணு அதிகம், டிபி நீர்ல கூடற ஏடிஏங்கற என்சைம் 40ஐ நல்லாத் தாண்டியிருக்கு, ஆனா டிபி கிருமி நெகட்டிவ், கிருமியோட மரபணுவைத் தேடற சிபிநாட் டெஸ்டும் நெகட்டிவ். கிருமியே இல்லங்கறாங்க, எதுக்குடா ஆறு மாசம் மருந்துன்னு அப்பா ஒத்துக்கவே இல்ல. டாக்டர் பொறுமையா சொன்னாங்க, இந்த வகை டிபில தண்ணிக்குள்ள கிருமி ரொம்பக் கம்மிப்பா, உடம்பு எதிர்த்துச் சண்டை போடறதுலதான் தண்ணியே சேருது, அதனால நெகட்டிவ் வந்தா டிபி இல்லன்னு ஆகாது, மத்ததை எல்லாம் சேர்த்து வெச்சுத்தான் முடிவு பண்றோம்னு. இதை மட்டும் தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க, அந்த ஒரு வரியைப் பாத்துட்டு மருந்து வேணாம்னு எழுந்து வந்துடாதீங்க.

முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போறது ரிஃபாம்பிசினால, பயப்பட வேணாம். கண்ணு மங்கினாலோ கலர் சரியாத் தெரியலன்னாலோ உடனே சொல்லணும், அது எத்தாம்பியூட்டால் வேலையா இருக்கலாம். நிக்ஷய்ங்கற அரசாங்க டிபி பதிவுல பேர் பதிஞ்சதால சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல வரும், முட்டைக்கும் பயறுக்கும் உதவியா இருந்துச்சு.

மருந்து முடிச்சு எடுத்த எக்ஸ்ரேல கீழ் ஓரம் சவ்வு லேசா தடிச்சிருக்கு, அது தழும்பு மாதிரி அப்படியே இருக்கும், மாத்திரையை நிறுத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க.