மாதக் கணக்கில் வயது சொல்பவர்கள் பக்கம் நான்

"குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டால் "22 மாசம்" என்று பதில் வரும். "ரெண்டு ஆகப்போகுதுன்னு சொன்னா போதாதா?" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சலிப்பு பிடிப்பதே இல்லை.

முதல் இரண்டு வருடம் குழந்தை வளரும் வேகம் அப்படி. 12 மாதத்தில் பல குழந்தைகள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எட்டு வைக்கும். 18 மாதத்தில் பிடித்த கையை உதறிவிட்டு ஓடப் பார்க்கும், நாற்காலியில் ஏறும். இரண்டுக்கும் "ஒரு வயசு" என்றே சொன்னால் என்ன புரியும்? சட்டை அளவும் மாதத்தில்தான் வருகிறது. பல நாடுகளில் தடுப்பூசி அட்டையில் 6, 10, 14 வாரம் என்றே போட்டிருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பாடு இன்னும் கஷ்டம். 2 மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இன்று 8 மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்கும்போது மருத்துவர்கள் 6 மாதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பொதுவாக 2 வயது வரை இந்தக் கணக்கு உண்டு. "8 மாசமாச்சு, இன்னும் உட்காரலையா?" என்று போகிற போக்கில் கேட்டுவிடுகிறோம். கேட்ட தாய்க்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

இரண்டு தாண்டினால் மாதக் கணக்கு தானாக உதிர்ந்துவிடும். "ரெண்டரை", "மூணு முடிஞ்சு நாலு நடக்குது" என்று மாறும். அப்புறம் பிள்ளைகளே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அம்மா "நாலு" என்றால் நான்கு விரலையும் நீட்டி, "இல்ல, நாலரை!" என்று திருத்துவார்கள். அந்த அரையை யாராவது விட்டுவிட்டால் முகமே வாடிவிடும்.